சேமித்த கிழங்கில் பூசணமா? வெட்டிப் பார்த்து அடையாளம் காணும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்தில், குறிப்பாகக் கல்குளம், விளவங்கோடு பக்கம், வீட்டில் ஏதாவது ஒரு கிழங்கு எப்போதும் இருக்கும். சாய்ப்பில் (வீட்டையொட்டிய சாய்வுக் கூரைப் பகுதியில்) சேனை, பரணில் காய்ச்சில் (பெருவள்ளிக்கிழங்கு), ஓலைக்கடவத்தில் சிறுகிழங்கு, மணலுக்குள் விதை இஞ்சி, டின்னில் சீவி உணக்கிய (உலர்த்திய) மரச்சீனி, அதாவது மரவள்ளி. தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் என்பதால் வருடத்தில் பாதிக்கு மேல் காற்றில் ஈரம். அந்த மாதங்களில் கிழங்கின் மேல் வெள்ளையாகவோ பச்சையாகவோ எதைக் கண்டாலும் 'பூத்துப் போச்சு' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பிறகு மொத்தத்தையும் எறிவார்கள், அல்லது துடைத்துவிட்டு உலையில் போடுவார்கள். எறிந்ததில் பாதி நல்ல கிழங்காக இருக்கும். துடைத்துச் சமைத்ததில் சில சமைக்கவே கூடாதவை.

புதிதாகப் பார்ப்பவர்கள் நிறத்தில்தான் தொடங்குவார்கள். நிறத்தைக் கடைசிக்கு வையுங்கள். இளசாக இருக்கும்போது ஏறக்குறைய எல்லாப் பூசணமும் வெள்ளைதான். நிறம் வருவது வித்து, அதாவது பூசணம் பரவ உதவும் நுண்பொடி, பிடித்த பிறகு. முதலில் அது பூசணம்தானா, அடுத்து எந்தக் காயம் வழியாக உள்ளே போனது, எவ்வளவு ஆழம் போனது, அதன் பிறகு நிறம். இந்த வரிசை மாறினால் முடிவும் மாறிவிடும்.

எடுத்து வைக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று. நகை பார்ப்பவர்கள் கண்ணில் வைக்கிற வகை போதும். டார்ச், இரண்டு கத்தி, வெள்ளைத் துணி, மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட், சொட்டு விட ஒரு ஃபில்லர், மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா ஒன்று. முகக்கவசம் கட்டாயம். இளைப்பு (ஆஸ்துமா) உள்ளவர்கள் இந்த வேலைக்கு வரவே வேண்டாம்; பச்சைப் பூசணம் பிடித்த ஒரு காய்ச்சிலை உதறினாலே கண்ணுக்குத் தெரியாத வித்துப் பொடி நிறையப் பறக்கும்.

கிழங்கை முற்றத்துக்குக் கொண்டுவந்து, காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி உட்காருங்கள். கழுவாதீர்கள். கழுவினால் அடையாளம் போய்விடும், வித்து மற்றக் கிழங்குகளுக்கும் பரவும். மூக்கை ஒட்டி முகர்ந்து பார்க்கவும் வேண்டாம். ஒரு முழம் தள்ளி வைத்து, கையால் காற்றை விசிறி மணத்தைப் பிடித்தால் போதும்.

முதல் படி: பூசணம்தானா?

டார்ச்சைக் கிழங்கின் பக்கவாட்டில், தோலை உரசுகிற மாதிரி சாய்த்துப் பிடித்து லென்ஸில் பாருங்கள். பூசணம் என்றால் இழை தெரியும், இழையின் நிழலும் விழும். மண், சாம்பல், சுண்ணாம்பு என்றால் வெறும் துகள்தான். மரச்சீனியில் வெட்டுவாயில் வழிந்து காய்ந்த பாலும் வெள்ளைப் பொருக்காக ஒட்டியிருக்கும். அதை நகத்தால் பெயர்த்தால் ஏடாக வரும், இழை இருக்காது.

சந்தேகம் தீரவில்லையா? ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சாம்பலும் மண்ணும் தண்ணீரை உறிஞ்சிக் கறுக்கும். வித்து பிடித்த பச்சைப் பூசணம் தண்ணீரை ஒட்டவிடாது. சொட்டு உருண்டையாக நின்று, பொடியை மேலே சுமந்துகொண்டு உருளும்.

ஆனால் தண்ணீரை ஒட்டவிடாதது இன்னொன்றும் இருக்கிறது: மாவுப்பூச்சி. சேனையில் மிக அதிகமாகத் தவறு நடப்பது இங்கேதான். முளைக்குழியைச் சுற்றியும், பழைய தண்டு விழுந்த தழும்பிலும், பக்கக் குருத்துகளின் இடுக்கிலும் வெள்ளை மாவு அப்பியிருக்கும். பூசணம் என்று நினைத்து மருந்தில் முக்குவார்கள். பூஞ்சைக்கான மருந்து பூச்சியை ஒன்றும் செய்யாது. அந்த வெள்ளையின் மேல் ஒரு சொட்டு ஸ்பிரிட் விடுங்கள். மெழுகு அடங்கி, மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ ஒரு சின்ன உடல் தெரிந்தால் அது பூச்சி. குச்சியால் நசுக்கினால் நீர் வரும். பக்கத்தில் எறும்பு ஊர்ந்தால் சந்தேகமே வேண்டாம். பூசணம் என்றால் ஸ்பிரிட்டில் நனைந்து படியும், இழை மட்டும் அப்படியே இருக்கும். பூச்சிதான் என்று தெரிந்துவிட்டால் தென்னைநார்ப் பிரஷ்ஷால் உரசி எடுத்து, சோப்புத் தண்ணீரில் துடைத்து, நிழலில் உலர்த்தலாம்.

காய்ச்சில், மஞ்சள், இஞ்சி மூன்றிலும் செதில்பூச்சி வரும். சாம்பல் நிறத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள வட்டப் பொட்டுகள் நெருக்கமாக ஒட்டி, தோலே பூத்துப் போனதுபோல் தெரியும். ஊசி முனையால் ஒரு பொட்டைக் கிளப்புங்கள். மூடி தனியாக வந்து, அடியில் மஞ்சளாக மெத்தென்று ஏதாவது இருந்தால் அது பூச்சி.

இன்னொரு குழப்பம் நாமே உண்டாக்குவது. விதைச் சேனையைச் சாணிப்பாலில் டிரைக்கோடெர்மா கலந்து முக்கி வைத்திருந்தால், சில நாளில் மேலே வெள்ளையாகப் படர்ந்து பிறகு கரும்பச்சையாக மாறலாம். டிரைக்கோடெர்மாவும் ஒரு பூசணம்தான், கெட்ட பூசணத்தைத் தின்னும் பூசணம். அடியில் கிழங்கு கல் மாதிரி கெட்டியாக இருந்தால் தொடாமல் விட்டுவிடுங்கள்.

மரச்சீனியின் நீலக்கோடு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பறித்து ஒன்றிரண்டு நாளில் வெட்டிப் பார்த்தால், தோலுக்கு உள்ளே வளையமாக நீலமும் கறுப்புமான கோடுகள் தெரியும். மார்த்தாண்டம் சந்தையில் கிழங்கை முறித்துக் காட்டி விற்பது இதற்காகத்தான். இது பூசணம் அல்ல. பறிக்கும்போது பட்ட காயத்தில் காற்று புகுந்து, கிழங்கின் சொந்த ரசாயனங்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து நிறம் மாறியது. மேலே ஒரு இழைகூட இருக்காது, மணமும் மாறியிருக்காது. சரியாக வேகாது, ருசி கெடும், அவ்வளவுதான். கோடு உள்ள பகுதியைச் சீவிவிட்டு மிச்சத்தை அன்றே சமைக்கலாம். உண்மையான அழுகல் பொதுவாக ஐந்தாறு நாள் கழித்து, இந்த நீலம் பரவிய இடத்திலேயே குடியேறும். ஒரே கிழங்கில் இரண்டும் இருக்கும் என்பதால்தான் ஆட்களுக்குக் குழப்பம்.

எதிலும் முடிவு வராவிட்டால் டப்பாச் சோதனை. நல்ல பகுதியும் கெட்ட பகுதியும் சேரும் எல்லையில் இரண்டு சென்டிமீட்டர் துண்டு வெட்டி, ஈரக் காகிதம் விரித்த டப்பாவில் மூடி, நிழலில் வையுங்கள். 24 மணி நேரத்தில் ஒரு தடவை, 48 மணி நேரத்தில் ஒரு தடவை பாருங்கள். பூசணம் என்றால் அதற்குள் இழை நீளும். மூன்றாம் நாள் பார்த்துச் சொல்வதில் பொருளில்லை. மூடிய ஈரத்தில் அத்தனை நாள் வைத்தால் நல்ல கிழங்கும் பூக்கும்.

இரண்டாம் படி: வெட்டிப் பார்ப்பது

மேலே தெரிவது எவ்வளவு என்பதை நம்ப வேண்டாம். உள்ளங்கை அகலப் பச்சை தோலோடு நின்றிருக்கும். பத்துப் பைசா அளவு கறுப்பு, கிழங்கின் நடுவரை போயிருக்கும். மம்பட்டி பட்ட வெட்டு, எலி கடித்த இடம், காம்பு முறிந்த தலை, ஒன்றோடொன்று உரசித் தோல் உரிந்த இடம் ஆகியவற்றை முதலில் தேடுங்கள். பெரும்பாலான சேமிப்புப் பூசணங்கள் முழுத்தோலைத் துளைத்துப் போவதில்லை, திறந்த வாசல் வழியாகத்தான் போகும்.

நல்ல பக்கத்திலிருந்து கெட்ட பக்கம் நோக்கி நெடுக வெட்டுங்கள். எதிர்ப்பக்கமாக வெட்டினால் கத்தியே வித்தை நல்ல சதைக்குள் இழுத்துப் போய்விடும். ஒரு கிழங்கு முடிந்ததும் கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்த பிறகு அடுத்ததைத் தொடுங்கள். இரண்டு கத்தி கேட்டது இதற்குத்தான்.

வெட்டியதும் விரலால் அமுக்கிப் பாருங்கள். உலர்ந்து, கட்டையாக, எல்லை தெளிவாக இருந்தால் உலர் அழுகல். மெதுவாகப் போகும், மிச்சத்தை மீட்க வழியுண்டு. நீர் விட்டுக் குழைந்து, எல்லையே தெரியாமல் இருந்தால் ஈர அழுகல். கொழகொழவென்று குமட்டும் நாற்றம், ஆனால் லென்ஸில் இழையே இல்லை என்றால் அது பாக்டீரியா. அதன் மேல் பிறகு பூசணமும் வந்து உட்காரும். அப்போது பூசணத்தை மட்டும் பார்த்து உலர்த்தி வைத்தால் மறுநாள் காலை சாக்கு முழுவதும் வழிந்து கிடக்கும். மூக்கு சொல்வதைக் கேளுங்கள்: பழைய புத்தக வாடை பூசணம், கள் புளித்த வாடை ரைசோபஸ் என்ற ஒருவகைப் பூசணம், பிண வாடை பாக்டீரியா.

மூன்றாம் படி: இனி நிறம்

நீலப்பச்சைப் பொடி, ஓரத்தில் வெள்ளை விளிம்பு: பெனிசிலியம். காய்ச்சிலிலும் இஞ்சியிலும் அடிக்கடி வருவது. ஊதாக் காய்ச்சிலின் சதை பிறவியிலேயே ஊதா. அந்த நிறத்தைப் பூசணம் என்று எண்ணி வெட்டி எறியாதீர்கள்.

நீளமான சாம்பல் மயிர், நுனியில் குண்டூசித் தலையளவு கறுப்பு: ரைசோபஸ். சக்கரவள்ளிக்கிழங்கின் பெரிய எதிரி. காயத்தில் விழுந்தால் சில நாளில் முழுக்கிழங்கும் நீராகிவிடும். ஒழுகும் நீர் பட்ட பக்கத்துக் கிழங்குக்கும் ஆபத்து.

வெள்ளையோ வெளிறிய ரோஸோ பஞ்சு, அடியில் பழுப்பு நிறத்தில் சுருங்கிய சதை, வெட்டினால் உள்ளே பொந்து, பொந்துக்குள்ளும் பஞ்சு: ஃபியூசேரியம்.

கரித்தூள் போன்ற கறுப்பு, தொட்டால் விரலில் ஒட்டும்: அஸ்பெர்ஜில்லஸ் நைகர். இது பெரும்பாலும் மேலோட்டமானது. கறுப்பு மேலே இல்லாமல் சதைக்குள்ளேயே பரவி, கருஞ்சாம்பல் இழையோடு உலர்ந்து கட்டையாகியிருந்தால் லாசியோடிப்ளோடியா. மரச்சீனி, காய்ச்சில் இரண்டிலும் வரும். உலர் அழுகல்தான் என்றாலும், அப்படிக் கண்டால் அந்தக் கிழங்கில் மீட்க எதுவும் இல்லை.

சேனையில் விசிறியாகப் படர்ந்த வெள்ளை நூல், அதன் மேல் கடுகளவு உருண்டைகள், முதலில் வெள்ளை, பிறகு பழுப்பு: ஸ்கிளிரோஷியம். தோட்டத்தில் சேனைத் தண்டை அடியோடு சாய்க்கும் கழுத்தழுகலுக்குக் காரணம் இதே பூசணம்தான். அந்த உருண்டைகள் மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். ஆகவே இந்தக் கிழங்கை எருக்குழியில் போடக் கூடாது, விதைக்கும் ஆகாது. எரித்துவிடுங்கள்.

மஞ்சள் கலந்த பச்சை: அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ். இதைப் பச்சைக் கிழங்கைவிட உணக்கிய மரச்சீனியில்தான் தேட வேண்டும். அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கக் கூடியது. ஈரலைக் கெடுக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும். வேகவைத்தாலோ, கழுவினாலோ, மறுபடி வெயிலில் போட்டாலோ அந்த நஞ்சு போகாது.

மலைக்கறி என்று நாம் வாங்கும் கேரட், பீட்ரூட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேரட்டின் மேல் வரும் வெளிறிய படலம் பெரும்பாலும் தோல் காய்ந்ததால். தண்ணீர் தடவினால் மறையும். மறையாமல் பஞ்சாக நின்றால் பூசணம்.

லென்ஸால் இவ்வளவுதான் சொல்ல முடியும். இனத்தை உறுதியாகச் சொல்ல நுண்ணோக்கியும் ஆய்வுக்கூடமும் வேண்டும். வீட்டில் தேவைப்படுவது சமைக்கலாமா, விதைக்கலாமா, குழியில் போடவா என்ற முடிவு மட்டும்தான்.

நான்காம் படி: மூன்றாகப் பிரிப்பது

கெட்டியான கிழங்கு, ஒரே இடத்தில் சிறு பூசணம், உலர் எல்லை, நாற்றம் இல்லை என்றால் பூசணத்தைச் சுற்றியும் அடியிலும் இரண்டரை சென்டிமீட்டர் நல்ல சதையையும் சேர்த்து வெட்டி எடுத்துவிட்டு அன்றே சமைக்கலாம். சேனைக்கும் காய்ச்சிலுக்கும் இது பொருந்தும். சிறுகிழங்குக்கு இந்தக் கணக்கு நடக்காது. வெட்டினால் மிஞ்ச ஒன்றுமில்லை, எறிந்துவிடுங்கள். குழைந்த எதையும் வெட்டிக் காப்பாற்ற முயல வேண்டாம்.

சக்கரவள்ளிக்கு விதி கடுமையானது. பூசணம் தாக்கினால் கிழங்கு தன்னைக் காக்கக் கசப்பான நஞ்சுப் பொருட்களைச் சுரக்கும். அவை பூசணம் தெரியாத சதையிலும் இருக்கும், வேகவைத்தாலும் முழுதும் அழியாது. ஆகவே பூசணம் பிடித்ததோ கசப்பதோ முழுதாகக் கழிவுக்கு. மாட்டுக்கும் போடக் கூடாது. பூசணம் பிடித்த சக்கரவள்ளியைத் தின்ற மாடுகள் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறிச் சாகும். மரச்சீனியின் கசப்பு வேறு கதை: அது சயனைடு தரும் பொருளால், கிழங்கின் வகையைப் பொறுத்து வருவது, பூசணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உணக்கிய மரச்சீனியில் வெட்டி எடுப்பது என்ற பேச்சே இல்லை. ஒரு துண்டில் மஞ்சள் பச்சை தெரிந்தாலும், டின்னைத் திறந்ததும் மக்கல் வாடை அடித்தாலும் மொத்தத்தையும் கழித்துவிடுங்கள். நஷ்டம்தான், ஆனால் மற்றத் துண்டுகளில் நஞ்சு இல்லை என்று கண்ணால் சொல்ல முடியாது.

விதைக் குவியலுக்குக் காயமில்லாதவை மட்டும். விதை இஞ்சியை லிட்டருக்கு 3 கிராம் மான்கோசெப் என்ற பூஞ்சை மருந்து கரைத்த நீரில் 30 நிமிடம் வைத்து, நிழலில் உலர்த்தி, குழியில் மணலோ மரத்தூளோ பரப்பி, பாணல் இலை அடுக்கி வைப்பது இந்தப் பக்கம் பழக்கம். மருந்து தொட்ட கிழங்கு எந்த நிலையிலும் அடுக்களைக்குள் வரக் கூடாது. அந்தச் சாக்கில் சிவப்புத் துணி கட்டிவையுங்கள். சேனைக்குச் சாணிப்பாலும் டிரைக்கோடெர்மாவும். ஒரே விதைக்கு இரண்டு முறையும் வேண்டாம்; மருந்து நல்ல பூசணத்தையும் அடக்கிவிடும்.

எங்கே தவறுகிறது

பூசணம் கண்டுபிடித்த பிறகு கிழங்கை மட்டும் மாற்றி, அதே சாக்கில் அதே மூலையில் வைத்தால் அடுத்த வாரம் அதே வேலை மிச்சம். இடத்தைப் பாருங்கள். சிமெண்டுத் தரை இரவில் குளிர்ந்து அடிக் கிழங்கில் நீர் கோக்கும்; பலகையோ செங்கல் மேல் மூங்கிலோ போட்டு ஒரு சாண் உயர்த்துங்கள். பிளாஸ்டிக் சாக்கில் கிழங்கு விடும் மூச்சே நீராகப் படியும். சேனையை ஒரே அடுக்காக, தண்டுத் தழும்பு கீழே பார்க்கும்படி கவிழ்த்து வையுங்கள், குழியில் நீர் தங்காது. பாதி வெட்டிய சேனையைப் பாலித்தீனில் சுற்றி வைப்பவர்கள் இரண்டு நாளில் பூசணம் பார்ப்பார்கள். வெட்டுவாயைக் காற்றில் திறந்துவிட்டால் மேலே உலர்ந்து ஏடு கட்டும். சமைக்கும்போது அந்த ஏட்டைச் சீவினால் போதும்.

காய்ச்சிலுக்கும் சக்கரவள்ளிக்கும் பறித்த முதல் வாரம் முக்கியம். முப்பது டிகிரி வெப்பமும் நல்ல ஈரக்காற்றும் இருந்தால் நான்கு முதல் ஏழு நாளில் காயம் தக்கை கட்டி மூடிக்கொள்ளும். குளிர்நாடுகளில் இதற்குத் தனி அறை கட்டிச் சூடேற்றுகிறார்கள். நமக்குச் சாய்ப்பே அந்த அறை. வெயிலும் மழையும் படாமல், ஓலைப்பாய் மூடி, அந்த ஒரு வாரம் புரட்டாமல் விடுங்கள். இவற்றை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். 12 டிகிரிக்குக் கீழே சதை குளிர்க்காயம் பட்டு, வெளியே எடுத்ததும் பூசணம் பாயும்.

மரச்சீனிப் பச்சைக் கிழங்கைச் சில வாரம் வைக்க வேண்டுமானால், பறித்த அன்றே, காயமில்லாததை மட்டும், ஈர மரத்தூளிலோ மணலிலோ ஒன்றோடொன்று தொடாமல் அடுக்குங்கள். தூளைக் கையில் பிழிந்தால் உருண்டை பிடிக்க வேண்டும், நீர் சொட்டக் கூடாது. சொட்டினால் அழுகும், உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் நீலக்கோடு ஓடும்.

உணக்குவதாக இருந்தால் அரை சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் வேண்டாம். நடுவில் மழை பிடித்து ஒரு நாள் தவறினால் மேல் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். பூசணம் தொடங்குவது அங்கேதான். முறித்தால் சட்டென்று ஒடிய வேண்டும், வளையக் கூடாது. இன்னும் உறுதி வேண்டுமானால், வறுத்து ஆறவைத்த தூளுப்பு ஒரு கரண்டியைக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, மூன்றில் ஒரு பங்கு துண்டுகளை நொறுக்கிச் சேர்த்து மூடிக் குலுக்குங்கள். கால் மணி நேரத்துக்குப் பிறகும் உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் இருக்கிறது; பாட்டிலுக்குள் காற்றின் ஈரம் 75 சதவீதத்தைத் தொட்டால் உப்பு நீர் இழுக்கும். ஒட்டாவிட்டாலும் இன்னொரு நாள் வெயில் காட்டிவிட்டே டின்னில் அடையுங்கள், அதுவும் சூடு ஆறிய பிறகு.

ஆய்வுக்கு அனுப்புவதானால்

விதைக் குவியலில் ஒரே அடையாளம் பல கிழங்குகளில் தொடர்ந்தால் வீட்டுச் சோதனையோடு நிற்காதீர்கள். பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போனால் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கும் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம். முழுதும் அழுகியதைக் கொண்டுபோனால் அதில் பின்னால் வந்த பூசணம்தான் கிடைக்கும். பாதி நல்லது, பாதி கெட்டது உள்ள நாலைந்து கிழங்குகளை எடுங்கள். கழுவாமல், ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதத்தில் சுற்றி, காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் கவரில் போட்டால் வழியிலேயே குழைந்துவிடும். ரகம், பறித்த தேதி, எதில் எத்தனை நாள் வைத்திருந்தீர்கள், என்ன மருந்து தொட்டது என்பதைப் பென்சிலால் எழுதிச் சேர்த்து வையுங்கள். பேனா மை ஈரத்தில் கலங்கும்.